நோயைத் துரத்துங்கள்! மனிதர்களைத் துரத்தாதீர்கள்!



கொல்லிமலைக்கு நீங்கள் போனதுண்டா? நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். சோளக்காடு வரும். பிறகு செம்மேடு வரும். அதற்கும் அப்பால் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கின்றன சிற்றூர்கள். அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் விளைவிப்பவர்கள். சாமையும் கேழ்வரகும் விதைப்பவர்கள். சுற்றுலா போகிறவர்களுக்கு ஆகாய கங்கை அருவியைத் தெரியும். இந்த மக்களைத் தெரியாது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, உரிய அனுமதி பெற்று, அரிசி பருப்பு மூட்டைகளோடு நாங்கள் சிலர் அந்த மலைக்குப் போயிருந்தோம். செம்மேட்டைத் தாண்டிய ஒரு சிற்றூரில் மூட்டைகளை இறக்கிக் கொண்டிருந்தபோது, வயதான ஒருவர் இடுப்பு மடியிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

"பாய், ஏதோ ஆப்புன்னு வந்திருக்காமே. நோய்க்காரன் பக்கத்துல வந்தா போனே சொல்லிப்புடுமாம். இந்தப் போனுல அது வருங்களா?"

"வராதுங்க பெரியவரே" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப எங்களுக்கு நோவு வந்தாலும் கவர்மெண்டுக்குத் தெரியாது. உங்களுக்கு வராட்டியும் ஊருக்கே தெரியுது போலிருக்கே பாய்!"

சகோதரர்களே! அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போனவராகத் தெரியவில்லை. ஆனால் பெரிய பெரிய அதிகாரிகள் கூடிப் பேசியும் பிடிபடாத ஓர் உண்மையை அவர் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டார். அன்றைய அரசின் கண்ணுக்கு மலைவாசி தெரியவில்லை. முஸ்லிம் மட்டும் தேவைக்கு மேல் தெரிந்தான். இந்த இரண்டுமே அநீதி. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒரு மனிதனின் நடமாட்டத்தைப் பட்டியல் போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்தச் சட்டத்துக்கு அது கட்டுப்பட்டிருக்கிறது என்பதை இந்த நாடு தீர்த்து முடிவு செய்யவில்லை. இன்று வரை செய்யவில்லை!

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கிறீர்களா? பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 2018இல் வந்த நிபா காய்ச்சல் அதற்குப் பிறகும் பல முறை தலைகாட்டிவிட்டது. அடுத்த கொள்ளை நோய் நாள் குறித்து, சொல்லிவிட்டு வராது. வீடு தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுகிற சமுதாயமாக நாம் இருக்கக் கூடாது.

செயலி செய்தது என்ன?

முதலில் விஷயத்தைப் புரிந்து கொள்வோம். நோய் கண்ட ஒருவர் கடந்த சில நாட்களில் யார் யாரோடு பழகினார் என்று தேடிப் பிடித்து, அவர்களைச் சோதித்து, தேவையானால் தனிமைப்படுத்துவதுதான் தொடர்பு அறிதல். மருத்துவத் துறையில் இது புதியதல்ல. காசநோய்க்கும் அம்மைக்கும் பல்லாண்டுகளாகச் செய்து வருவதுதான். இதில் தவறு ஏதுமில்லை. உயிர் காக்கும் காரியம் இது.

இந்த வேலையைக் கைப்பேசியிடம் ஒப்படைக்க மத்திய அரசு 2020 ஏப்ரல் 2ஆம் தேதி 'ஆரோக்ய சேது' என்ற செயலியை வெளியிட்டது. இரண்டு போன்கள் அருகருகே வந்தால் புளூடூத் வழியாக ஒன்றையொன்று குறித்துக் கொள்ளும். அதோடு நிற்காமல் ஜி.பி.எஸ். மூலம் நீங்கள் இருக்கும் இடத்தையும் குறித்து வைக்கும். செயலியில் பதிவு செய்யும்போதே பெயர், தொலைபேசி எண், வயது, பாலினம், தொழில் எல்லாம் கேட்டு வாங்கப்பட்டன. உங்களுக்கு நோய் என்று உறுதியானால் போனில் சேர்ந்த குறிப்புகள் அரசின் கணினிக்குப் போய்ச் சேரும்.

2020 மே மாத நடுவில், 10 கோடிப் பேர் இதைப் பதிவிறக்கம் செய்துவிட்டார்கள் என்று பெருமையாக அறிவித்தார்கள். 130 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் 10 கோடி! பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. சரி, பத்தில் ஒருவர் என்றே வைத்துக் கொள்வோம். இருவர் சந்திக்கிறார்கள். இருவரிடமும் செயலி இருந்தால்தான் அந்தச் சந்திப்பு பதிவாகும். பத்தில் ஒன்று, அதிலும் பத்தில் ஒன்று. அதாவது நூறு சந்திப்புகளில் ஒன்று! மீதி 99 சந்திப்புகளைப் பற்றி அந்தச் செயலிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சந்தையில் நூறு மூட்டைகளில் ஒன்றை மட்டும் எடை போட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்லும் வியாபாரியிடம் நீங்கள் சரக்கு வாங்குவீர்களா?

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்காக 1921 என்ற எண்ணில் ஒரு தொலைபேசி வசதியைப் பிறகு கொண்டு வந்தார்கள். அதற்கு 'மிஸ்டு கால்' கொடுத்தால் திரும்ப அழைத்து உடல்நிலையைக் கேட்கும். ஆனால் பக்கத்தில் யார் வந்தார் என்பதை அது எப்படி அறியும்? வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்து போகும் மலையில் அந்த அழைப்பாவது ஒழுங்காக வந்து சேருமா? காரவள்ளியில் பேசத் தொடங்கினால் மேலே ஏறுவதற்குள் எத்தனை முறை பேச்சு அறுபடுகிறது என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பாதுகாப்புக் கவசம் போன்தான் என்றால், மலைவாசிக்குக் கவசமே இல்லை என்றுதானே பொருள்?

பட்டியலில் நாம் மட்டும்!

இனி நம் பக்கம் வருவோம்.

செயலி வெளியாவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, 2020 மார்ச் 31ஆம் தேதி, டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சுமார் 1,500 பேர் போயிருக்கிறார்கள், அவர்கள் தாங்களாகவே முன்வர வேண்டும் என்று மாநில சுகாதாரத் துறை வேண்டுகோள் விடுத்தது. என்ன நடந்தது? ஓடி ஒளிந்தார்களா? இல்லை. நூற்றுக்கணக்கானோர் தாங்களே முன்வந்தார்கள். மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அப்போது ஆரோக்ய சேது பிறக்கவே இல்லை! ஒரு வேண்டுகோள், ஊர் ஜமாஅத்துகளின் ஒரு சொல், அவ்வளவுதான். போன் செய்யாததை நம்பிக்கை செய்தது.

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு என்ன? 'கொரோனா ஜிஹாத்' என்ற கேவலமான சொல்லைச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். தொலைக்காட்சிகளில் இரவு பகலாக விஷம் கக்கினார்கள். வடமாநிலங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். 2020 ஏப்ரல் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், நாட்டில் அன்றிருந்த 14,378 நோயாளிகளில் 4,291 பேர் ஒரே அமைப்பைச் சேர்ந்த நிகழ்வோடு தொடர்புடையவர்கள் என்று கணக்கு வாசித்தது. வேறு எந்தக் கூட்டத்துக்கும், எந்தத் திருமணத்துக்கும், எந்தத் திருவிழாவுக்கும் இப்படித் தனிக் கணக்கு நாள்தோறும் வாசிக்கப்பட்டதா? டெல்லி அரசின் அன்றாட அறிக்கையில் மர்கஸுக்கென்று தனியாக ஒரு வரியே இருந்தது. டெல்லி சிறுபான்மையினர் ஆணையம் எழுத்து மூலம் கண்டித்த பிறகே அந்தப் பெயர் மாற்றப்பட்டது.

அதிகமாகச் சோதித்த இடத்தில் அதிகமாக நோய் தெரியும். இது சிறு பிள்ளைக்கும் புரியும் கணக்கு. ஒரே ஒரு கூட்டத்தாரைத் தேடித் தேடிச் சோதித்துவிட்டு, பார்த்தீர்களா, அவர்களிடம்தான் நோய் அதிகம் என்று சொல்வது மோசடியில்லையா?

தமிழ்நாட்டில் ஓரளவு நிதானம் இருந்ததை நாம் மறைக்கக் கூடாது. நல்லதை நல்லதென்று சொல்வதே நம் பண்பு. சில நாட்களிலேயே சுகாதாரத் துறை மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, 'ஒரே தொற்று மூலம்' என்று பொதுவாகச் சொல்லத் தொடங்கியது. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக் கொண்டார். மே மாதம் கோயம்பேடு சந்தையில் நோய் பெருகி, அங்கிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை பரவியது. காய்கறி வியாபாரிகள் சதி செய்தார்கள் என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அந்தச் சந்தையின் சுமைதூக்கும் தொழிலாளிக்குக் காட்டிய நியாயத்தைத் தொப்பி போட்டவனுக்கும் காட்டு என்பதுதானே நம் கோரிக்கை?

பிறகு நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுதலை செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. ஐந்தாண்டுகள்! பழி போட ஒரு நாள் போதுமாக இருந்தது. பழி நீங்க ஐந்தாண்டுகள் ஆயின. அந்தத் தீர்ப்பு வந்த நாளில், முன்பு கூச்சல் போட்ட தொலைக்காட்சிகளில் எத்தனை மன்னிப்புக் கேட்டன?

நம் தவறையும் சொல்வோம்

அடுத்தவர் குறையைச் சொல்லும் நாம் நம் குறையை மறைத்தால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று டெல்லி அரசு மார்ச் 16ஆம் தேதி அறிவித்த பிறகு, மர்கஸ் நிர்வாகிகள் இன்னும் விழிப்போடு இருந்திருக்க வேண்டும். பள்ளிவாசலுக்குள் நோய் வராது என்று நம்மிலும் சிலர் வாட்ஸ்அப்பில் உளறினார்கள். கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர்களைக் குடியுரிமைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அது தவறு. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அதை எதிர்த்து மக்கள் வீதியில் அமர்ந்திருந்த நேரம் அது. ஒரு கையில் குடியுரிமையைக் கேள்வி கேட்கும் பட்டியல், மறு கையில் நோயாளிகளின் பட்டியல். இரண்டும் ஒரே அரசின் கைகள். எந்தக் கையை நம்புவது என்று சாமானியன் குழம்பினால், குழப்பியவன் யார்?

மார்க்கம் காட்டும் வழி

கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகக் கூடாது, அது பரவிய ஊரில் இருப்பவர் அங்கிருந்து தப்பி வெளியேறவும் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. புகாரியில் பதிவான ஆதாரப்பூர்வமான செய்தி இது. தனிமைப்படுத்தலை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக் கொண்ட சமுதாயம் நாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். தாமாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்சாரிகளை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்துக் கேட்டார்கள். அதன் பிறகே திரும்பினார்கள். ஒரு பேரரசின் தலைவர், அவசர காலத்திலும் மக்களோடு கலந்து பேசினார் என்பதைக் கவனியுங்கள்.

அதே மார்க்கம்தான் பிறர் குறைகளைத் துருவி உளவு பார்ப்பதைத் திருக்குர்ஆன் 49ஆவது அத்தியாயத்தின் 12ஆவது வசனத்தில் தடை செய்கிறது. அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதை 24ஆவது அத்தியாயத்தின் 27ஆவது வசனத்தில் தடுக்கிறது. ஆக, நோயைத் தடுக்க ஒத்துழைப்பதும் கடமை. மனிதனின் அந்தரங்கத்தைக் காப்பதும் கடமை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடச் சொல்லவில்லை மார்க்கம்.

விருப்பம் எப்போது கட்டாயமானது?

விரும்பினால் வைத்துக் கொள்ளுங்கள் என்றுதான் ஆரோக்ய சேது வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பேச்சு மாறியது! ஏப்ரல் 29ஆம் தேதி மத்திய அரசு ஊழியர்கள் அனைவரும் வைத்துக் கொள்ள வேண்டும் என்றார்கள். மே 1ஆம் தேதி உள்துறை அமைச்சகம், தனியார் ஊழியர்களுக்கும் கட்டாயம், தடை செய்யப்பட்ட பகுதிகளில் 100 சதவீதம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நொய்டாவில் செயலி இல்லாமல் வெளியே வருபவர் மீது 188ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை என்று காவல்துறை மிரட்டியது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம்! போன் வாங்க வசதியில்லாதவன் குற்றவாளி!

எந்தச் சட்டத்தின்படி? தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தந்த குழுவின் தலைவரான ஓய்வு பெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணாவே, இப்படிக் கட்டாயப்படுத்துவது முற்றிலும் சட்டவிரோதம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையில் கை வைக்க வேண்டுமானால் முதலில் சட்டம் வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை. மே 11ஆம் தேதி ஒரு நெறிமுறையை அதிகாரிகள் வெளியிட்டதோடு சரி. எதிர்ப்பு வலுத்த பிறகே மே 17ஆம் தேதி உத்தரவில் கட்டாயம் தளர்த்தப்பட்டது.

இன்னும் கேளுங்கள். இந்தச் செயலியை உருவாக்கியவர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். தங்களிடம் தகவல் இல்லை என்ற ரீதியில் பதில் வந்தது! கோடிக்கணக்கான மக்களின் நடமாட்டத்தைச் சேகரித்த கருவி யாருடையது என்று கேட்டால் தெரியாதாம். 2020 அக்டோபரில் மத்திய தகவல் ஆணையம் கண்டித்து விளக்கம் கேட்ட பிறகே அரசு வாய் திறந்தது. செயலி இல்லை என்பதற்காக அரசுச் சேவையை மறுக்க முடியாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அதே மாதம் சொன்னது. 2021 ஜனவரியில், தெளிவான ஒப்புதல் பெறாமல் மக்களின் தகவல்களைப் பகிரக் கூடாது என்று இடைக்காலத் தடையும் விதித்தது. தொடர்பு அறியும் வசதி நிறுத்தப்பட்டது, சேர்த்த தகவல்கள் அழிக்கப்பட்டன என்று 2023 பிப்ரவரியில் அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. அழித்ததை நேரில் பார்த்து, ஆம் என்று நமக்குச் சான்று சொல்லும் மூன்றாம் மனிதர் யார்?

சிங்கப்பூர் தரும் பாடம்

இதெல்லாம் வீண் சந்தேகம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டுங்கள். ஒழுங்குக்கும் நிர்வாகத்துக்கும் பெயர் பெற்ற நாடு. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கே கட்டட வேலையும் கப்பல் பட்டறை வேலையும் செய்கிறார்கள்.

அந்த அரசு 2020 மார்ச் 20ஆம் தேதி 'ட்ரேஸ் டுகெதர்' என்ற செயலியை வெளியிட்டது. நோய்த் தொடர்பை அறிய மட்டுமே பயன்படும் என்று வாக்குக் கொடுத்தது. தங்கும் விடுதிகளில் அடைபட்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2020 ஜூன் மாதமே அது கட்டாயம் ஆக்கப்பட்டது. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தவனுக்குச் செயலி என்ன செய்யும்? பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று போன் சொல்லித்தானா அவனுக்குத் தெரிய வேண்டும்? 2020 டிசம்பரில் அந்த அரசே வெளியிட்ட கணக்கின்படி விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு நோய் தொற்றியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது இடைவெளி விட்டுப் படுக்க இடம். கிடைத்ததோ செயலி!

2021 ஜனவரி 4ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தகவல்களைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை கேட்டுப் பெறலாம் என்று அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே பெறப்பட்டதும் வெளியானது. மக்கள் கொதித்த பிறகு, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று பிப்ரவரியில் சட்டம் கொண்டு வந்தார்கள். நல்ல நிர்வாகம் என்று பெயரெடுத்த நாட்டிலேயே வாக்குறுதி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. நார்வே நாட்டிலோ, தகவல் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்ததும் 2020 ஜூனில் செயலியை நிறுத்தி, சேர்த்த தகவல்களை அழித்தார்கள். அங்கே கேள்வி கேட்க அதிகாரமுள்ள ஓர் அமைப்பு இருந்தது. இங்கே?

இங்கே 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆவது பிரிவைப் படியுங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு மத்திய அரசே விலக்கு அளிக்கலாம்! வேலி போட்டவனே திட்டிவாசலும் வைத்துக் கொண்டான்.

'மறைக்க என்ன இருக்கிறது?'

தவறு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தச் சகோதரர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: மர்கஸுக்குப் போனவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? தொழுதுவிட்டு வந்தவர்கள் அவர்கள். பல மாநிலங்களில் செல்போன் கோபுரப் பதிவுகளை வைத்து அவர்களைத் தேடினார்கள். நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்வதற்கு முன்பே அவர்களுடைய வியாபாரமும் மானமும் போயின. பட்டியலில் பெயர் ஏறுவதற்குக் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பட்டியலைக் கையில் வைத்திருப்பவனுக்கு உங்களைப் பிடிக்காமல் போனால் போதும்!

நோயை அடக்கியவர்கள் யார்?

தமிழ்நாட்டில் தொடர்புகளைத் தேடிப் பிடித்தது போன் அல்ல. சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் வீடு வீடாக நடந்த தூய்மைப் பணியாளர்களும்தான். 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, கேரளச் சுகாதாரத் துறையினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகளைப் பேசிப் பேசியே கண்டுபிடித்து நோயை அடக்கினார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி தன் உயிரையே கொடுத்தார். எந்தச் செயலிக்கு அந்த இதயம் உண்டு?

கொல்லிமலையில் அந்தப் பெரியவரிடம் விடைபெறும் முன் கேட்டேன், "இங்கே யாருக்காவது காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும்?" என்று. "நர்ஸம்மா வருவாங்க பாய். அவங்ககிட்ட மறைக்க மாட்டோம். எங்க புள்ளைங்களுக்கு ஊசி போட்டவங்க ஆச்சே" என்றார். மனிதன் உண்மையைச் சொல்வது அச்சத்தால் அல்ல, நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு ஆயிரம் செயலிகள் விட்டாலும் நோய் ஒளிந்து கொள்ளத்தான் செய்யும். நிஜாமுத்தீன் போய் வந்தவர்கள் முன்வந்ததும் நம்பிக்கையால்தான். அதைத் தொலைக்காட்சியில் ஏலம் போட்டவர்கள்தான் நோய்க்குத் துணை போனவர்கள்!

நாம் கேட்பது

சகோதரர்களே! அடுத்த நோய் வருவதற்கு முன் மாநில அரசிடமும் மத்திய அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை இவைதாம்.

ஒன்று: முதலில் சட்டம், பிறகு பட்டியல். எந்தத் தகவல், யாரிடம், எத்தனை நாள் என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதித்து முடிவாக வேண்டும்.

இரண்டு: சுகாதாரத் துறை சேர்க்கும் தகவல் காவல்துறையின் கைக்குப் போகக் கூடாது. மருத்துவரிடம் சொன்னது காவல் நிலையத்தில் வாசிக்கப்பட்டால் யாரும் மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்று: நோய் அடங்கிய பிறகு தகவல்களை அழிக்க ஒரு நாள் குறிக்க வேண்டும். அழித்ததை அரசு சாராதவர்கள் சரிபார்க்க வேண்டும்.

நான்கு: அரசின் எந்த அறிக்கையிலும் நோயாளியின் மதமோ, சாதியோ, பழங்குடிப் பெயரோ வரக் கூடாது. மீறும் ஊடகம் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து: செயலியை விருப்பமுள்ளவர் வைத்துக் கொள்ளட்டும். ஆனால் ரேஷனுக்கும் வேலைக்கும் பயணத்துக்கும் அதை நிபந்தனை ஆக்கக் கூடாது. செயலிக்குச் செலவிடும் பணத்தில் கொல்லிமலைக்கும் அதுபோன்ற ஊர்களுக்கும் இன்னும் செவிலியர்களைக் கொடுங்கள்.

நமக்கும் கடமை இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இப்போதே பத்து இளைஞர்களை முதலுதவிக்கும் நோய்க்காலத் தொண்டுக்கும் பயிற்றுவிக்கட்டும். காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால் மரியாதையோடு திறந்து உண்மையைச் சொல்லுங்கள். 2020லும் 2021லும் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, எந்த மதம் என்று பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்தவர்கள் முஸ்லிம் இயக்கங்களின் இளைஞர்கள். நோயிலிருந்து குணமடைந்து, டெல்லியில் தங்கள் ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிறருக்குக் கொடுத்தவர்கள் பழி சுமந்த அதே தப்லீக் சகோதரர்கள். வெறுப்புக்கு நாம் கொடுத்த பதில் அது. அந்தப் பதிலை விட்டுவிடாதீர்கள்.

அதே நேரத்தில் உரிமையையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஜும்ஆ மேடையில் பேசுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மலைவாசியோடும் தொழிலாளியோடும் கைகோர்த்துக் கேளுங்கள். இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. இன்று கணக்கில் விடுபட்டவனும், இன்று கணக்கில் குறிவைக்கப்பட்டவனும் ஒரே வரிசையில் நின்று கேட்டால்தான் ஆள்வோர் காதில் விழும்.

அந்தப் பெரியவர் சிரித்துக் கொண்டே சொன்ன சொல்லுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை அந்த மலை ஏறும்போது, "பெரியவரே, உங்களுக்கு நோய் வந்தால் அரசுக்குத் தெரியும், எங்களுக்கு வராதபோது யாரும் பழி போட முடியாது" என்று சொல்லும் நிலையை உருவாக்குவோம், இன்ஷா அல்லாஹ்!